பதிகம் முடிகிறவரை

இப்போதெல்லாம் காலைப் பூசையில் என் காது என் பாட்டில் நிற்பதில்லை. வாய் பழகிய தடத்தில் போய்க்கொண்டிருக்கும். காதோ சுவருக்கு அப்பால், தம்பியின் அறையில், கட்டில் கிறீச்சிடுகிறதா, அவன் இருமுகிறானா, செருப்பைத் தேடுகிறானா என்று துழாவிக்கொண்டிருக்கும். ஓர் அடியை இருமுறை பாடிவிடுகிறேன். சில நாள் ஓரடியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறேன். ஐம்பது ஆண்டுகள் ஓதியவனுக்கு இப்படி நேரலாமா என்று முன்பென்றால் என்னையே கடிந்துகொண்டிருப்பேன். இப்போது எழுந்துபோய் அவன் அறைக்கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்தைத் தேடித் தொடர்கிறேன்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. தம்பிக்கு அறுபத்து மூன்று. நான் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். அவன் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பது ஆண்டுகளுக்குமேல் வேலை பார்த்தான். இருவரும் ஓய்வுபெற்று ஒரே வீட்டில் இருக்கிறோம். நான், என் மனைவி, அவன். அவன் திருமணம் செய்துகொள்ளவில்லை. இருபத்து நான்காம் வயதில், ஒரே மாதத்தில் இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு மெலிந்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். சேலத்தில் பார்த்த மருத்துவர், அவன் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது, இனி ஆயுள் முழுதும் ஊசிதான் என்றார். பேசி முடித்திருந்த பெண் வீட்டார் மறுவாரமே விலகிக்கொண்டார்கள். அதன்பின் பெண் பார்க்கும் பேச்சை அவன் எடுக்கவிட்டதில்லை.

ஊரில் சர்க்கரை என்றால் ஐம்பது வயதுக்குமேல் வந்து, மாத்திரையில் அடங்கும் வியாதி என்றுதான் எண்ணம். தம்பிக்கு வந்தது வேறு வகை. உடம்பு தானாகச் செய்யும் வேலையை அவன் ஒவ்வொரு வேளையும் தன் மூளையால் செய்யவேண்டும். இந்த இட்லிக்கு எவ்வளவு ஊசி, இவ்வளவு ஊசிக்கு எவ்வளவு நடை என்று முப்பத்தொன்பது ஆண்டுகளாக அவன் தலைக்குள் ஒரு கணிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவனுக்கு ஒரு நண்பர் உண்டு. ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்டி ஏழெட்டு மாநிலம் சுற்றியவர். திருச்செங்கோடு சாலையில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. சனிக்கிழமை மதியம் நாலு பேர் அங்கே கூடுவார்கள். மது உண்டு, கறி உண்டு. மதுக்கடைப் பக்கம் தலை திருப்பாமல் தெருவின் மறு ஓரத்தில் நடக்கிற நான், என் வீட்டிலிருந்தே ஒருவன் அங்கே போவதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிந்தால் சிரிப்பான்.

"அண்ணா, உங்களுக்குச் சாமி, எனக்குச் சனிக்கிழமை. ரெண்டு பேரும் யாரையும் தொந்தரவு பண்றதில்லீங்க."

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, பேருந்து நிலையத்தில் தடுமாறி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தான். அன்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் முனியப்பன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி கையில் கயிறு கட்டி, இத்தனை மாதம் என்று கெடு சொல்லி, அதற்குள் தொட்டால் சாமி கேட்கும் என்று சத்தியம் வாங்குவார். ஆகமம், பதிகம் என்று வாழ்ந்த எனக்கு அந்தக் கோயில்களில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. வெட்டும் பலியும் எனக்கு ஒவ்வாது. ஆயினும் நான் கும்பிடுகிற சாமியிடம் பயமுறுத்தும் அதிகாரம் இல்லையென்று எண்ணினேனோ என்னவோ, அங்கே அவனை அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்றவனின் கையை எடுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். ஆறு மாதக் கெடு. கறுப்புக் கயிறு.

அதன்பின் சனிக்கிழமைகளில் தோப்புக்குச் "சும்மா பேசிட்டு வாரேன்" என்று போவான். நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது சரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனைச் சேலத்துக்கு மருத்துவரிடம் அழைத்துப்போவது நான்தான். நடுவயதுப் பெண்மணி, பொறுமையானவர். வீட்டில் அவன் சோதித்து வைத்த அளவுகளைப் புரட்டிக்கொண்டே அன்று நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் சுகர் ஏன் இவ்வளவு கீழ போகுது? சனிக்கிழமை எதாவது வித்தியாசமா செய்யறீங்களா? ட்ரிங்க்ஸ் எடுப்பீங்களா?"

தம்பி வாய் திறக்குமுன் நான் சொன்னேன். "தொடறதே இல்லீங்க அம்மா. சத்தியம் பண்ணிக் கயிறு கட்டியிருக்கறான்." சொன்னதோடு நில்லாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

தம்பி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் அவனையே சற்று நேரம் பார்த்தார். பிறகு இரவு ஊசியில் சிறிது குறைத்து எழுதிக் கொடுத்தார். வரும் வழியில், பேருந்தில், "என்ன வெயிலுங்கண்ணா" என்று மட்டும் சொன்னான்.

அதற்கு மூன்றாம் வாரம் அது நடந்தது.

அந்தச் சனிக்கிழமை அவன் விளக்கேற்றுமுன் வீடு திரும்பிவிட்டான். வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான். மாலைப் பூசைக்கு வந்து கடைசியில், கதவருகே நின்றான். முனியப்பன் என் தம்பியைத் திருநீற்றுக்குத் திருப்பிவிட்டான் என்று எனக்குள் ஒரு பெருமிதம். பூசை முடிந்ததும், எப்போதும்போல, "ஊசி?" என்றேன். என் கண்முன் சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டான். என் மனைவி இடியாப்பம்போலச் சந்தகை பிழிந்து தட்டில் போட்டாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணன் மனைவியை அவன் நங்கை என்பான். "ரூம்ல நியூஸ் பாத்துட்டே சாப்ட்டுக்கறேனுங்க நங்கை" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எங்களோடு உட்கார்ந்தால் வாடை தெரியும் என்று ஒதுங்கினான் என்பது பின்னால்தான் புரிந்தது.

காலையில் அவன் எழவில்லை. பூசைக்குப் பூ எடுத்து வைத்துவிட்டு அவன் அறைக்குப் போனேன். உடம்பு முழுதும் வேர்த்துக் கிடந்தான். தோளைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டான். ஏதோ லாரி எண்ணைச் சொல்லி, "லோடு எறக்கலீங்க, லோடு எறக்கலீங்க" என்று குழறினான். அறைக்குள் மதுவாடை. அவன் கையில் கயிறு.

அந்த நிமிடம் என்னுள் எழுந்தது சினம் மட்டுந்தான். என் தலைமேல் அடித்த சத்தியம் என்ற சினம்.

"போதை இன்னும் தெளியலை," என்றேன் மனைவியிடம். "எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உப்புப் போட்டுக் கொண்டா. சக்கரை ஒரு துளி போட்டுறாதே, அவனுக்கு ஆகாது."

உடம்பில் சர்க்கரை வற்றிச் செத்துக்கொண்டிருந்தவனுக்கு, சர்க்கரை போடாதே என்று அக்கறையோடு சொன்னவன் நான். அவள் கொண்டுவந்ததை இரண்டு மடக்குப் புகட்டினேன். பாதி கழுத்தில் வழிந்தது. தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். "கெடக்கட்டும், தெளியட்டும்" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனேன்.

பதினொரு பாட்டு உள்ள ஒரு பதிகம். தொடங்கினால் நடுவில் பேசுவதில்லை, எழுவதில்லை என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட நியமம். நான்காம் பாட்டில் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, தம்பிக்குக் கையெல்லாம் சில்லுனு இருக்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

பாடிக்கொண்டே இடக்கையை உயர்த்தி, பொறு என்று காட்டினேன். அவள் போனாள். ஏழாம் பாட்டில் மீண்டும் வந்தாள். மீண்டும் கையை உயர்த்தினேன். அன்று குரல் நன்றாக வந்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

பத்தாம் பாட்டில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. ரிக் நண்பர். என் வீட்டுப் படியை அவர் அதுவரை மிதித்ததில்லை, நான் அழைத்ததுமில்லை. செருப்போடு நேரே தம்பியின் அறைக்குள் போன காலடி கேட்டது. அடுத்து அவர் குரல்.

"அம்மா, இது சரக்கு இல்லீங்க! சக்கரை எறங்கிருச்சு! சீனி, தேன், எதாச்சும் கொண்டாங்க!"

என் மனைவி பூசையறைக்குள் ஓடிவந்து, அபிடேகத்துக்கு வைத்திருந்த தேன் கிண்ணத்தை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்போதுதான் எழுந்தேன். பத்தாம் பாட்டு பாதியில் நின்றது.

நான் போனபோது அவர் தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலில் தேனைத் தொட்டுக் கன்னத்துக்கு உட்புறம் தடவிக்கொண்டிருந்தார். "வாயில ஊத்தக்கூடாதுங்க, பொறையேறிரும்," என்றார், என்னைப் பார்க்காமல். தம்பியின் மேசையிலிருந்த மெஷினை எடுத்து அவன் விரலைக் குத்தி ரத்தம் வைத்தார். எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துதான் வந்தது. அளக்கிற எல்லைக்கும் கீழே போய்விட்டது என்று பொருளாம். ஆம்புலன்சுக்குச் சொன்னவரும் அவரே. கட்டிலுக்கு அடியில் சந்தகைத் தட்டு அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

"ஒழுங்கா உக்காந்து தின்னுட்டுத்தாங்க போவான் எப்பவும்," என்றார் அவர். "நாந்தான் ஊட்டாத குறையா தின்ன வெப்பேன். இந்தக் கயிறு வந்ததுல இருந்து, அண்ணன் பாத்துருவாருன்னு பாதியில எந்திரிச்சு ஓடியாந்தர்றான். ராத்திரி மூணு தடவ போன் போட்டேன், எடுக்கல. விடிஞ்சதும் மனசு கேக்கலீங்க சாமி." அவர் சட்டைப் பையில் இரண்டு கடலை மிட்டாய் இருந்தன. தம்பிக்கென்று எப்போதும் வைத்திருப்பாராம். மயங்கிக் கிடப்பவனுக்கு அதைக் கொடுக்கமுடியாமல் உள்ளங்கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் நரம்பில் குளுக்கோஸ் ஏறியபின் தம்பி கண் திறந்தான். என்னைப் பார்த்தான். உதடு உலர்ந்திருந்தது.

"பாட்டு முடிஞ்சுதுங்களாண்ணா?"

நான் அவன் வாயருகே குனிந்தேன்.

"எங்கியோ தூரத்துல நீங்க பாடற மாதிரியே கேட்டுதுங்க. முடிச்சுட்டு வருவீங்கன்னு இருந்தேன்."

கேலியா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் இல்லை.

அன்று பிற்பகல் எங்கள் மருத்துவர் வந்தார். நான் வழக்கம்போல் தம்பியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன். "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றார். வராந்தாவில் நின்றேன்; நடந்தேன்; மறுபடி கதவருகே வந்தேன். உட்கார முடியவில்லை. பெரியவர்கள் தம் குற்றங்களைத் தாமே இறைவன்முன் எடுத்துச்சொல்லிக் கரைந்து நிற்கிற பாட்டுகளைத்தான் ஆயுள் முழுதும் ஓதியிருக்கிறேன். அவர்கள் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கேட்டுக்கொண்டிருந்தவன் குறுக்கே பேசவில்லை. என் வீட்டில் ஒருவன் வாய் திறக்குமுன் நான் அவன் கையைத் தூக்கிக் காட்டினேன்.

மருத்துவர் உள்ளே அழைத்து எனக்கும் விளக்கினார். சர்க்கரை குறையும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் அவிழ்த்துவிட்டு உடம்பைத் தாங்கும். மது உள்ளே வந்தால் கல்லீரல் முதலில் அதைக் கழிக்கப் போய்விடும். சர்க்கரை விடும் வேலையை ஒதுக்கிவைத்துவிடும். போட்ட ஊசியோ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் குடித்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில்கூட விழும். நெடுங்காலம் ஊசி போட்டவர்களுக்கு, சர்க்கரை இறங்குவதை முன்கூட்டிச் சொல்லும் படபடப்பும் மங்கிவிடும். பார்ப்பவர்கள் வாடையை வைத்துப் போதை என்று விட்டுவிடுவார்கள்.

"குடிக்காம இருக்கறதுதான் நல்லது. அதை அவர்கிட்டச் சொல்லிட்டேன்," என்றார். "முடியலைன்னா, ரெண்டு கிளாசுக்கு மேல கூடாது. வயிறு நிறையச் சாப்பிடணும், தூங்கறதுக்கு முன்னாடி சோதிக்கணும், வீட்ல சொல்லணும்."

"நீங்களே அனுமதி குடுக்கறீங்களா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அனுமதி நான் குடுக்கலை ஐயா. இத்தனை நாளா பொய்த் தகவலை வெச்சு மருந்து எழுதினேன். இனிமே உண்மையை வெச்சு எழுதணும். அவ்வளவுதான்."

அவர் போனபின் தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தின்னாக் கணிக்கோணும், நடந்தாக் கணிக்கோணும், தூங்கப் போனாலும் கணிக்கோணும். வாரத்துல ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் மறந்துட்டு உக்காந்திருக்கறேனுங்கண்ணா. அது தப்புன்னு எனக்கும் தெரியும். இல்லீன்னு சொல்லல."

கயிற்றை என்ன செய்வது என்று பூசாரியைக் கேட்டோம். "கெடு முடியலீங்களே," என்று தாடையைத் தடவினார். "நடுவுல அவுக்கோணும்னா, கட்டச் சொன்னவங்க வந்து தப்புச் சொல்லோணுங்க. குடிச்சவரு சொல்ற தப்ப அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த ஆளுயர மண் சிலைக்கு முன்னால், அரிவாளுக்கும் உருட்டிய விழிக்கும் முன்னால், நான் நின்றேன். எத்தனையோ பாட்டு நெஞ்சில் இருந்தும் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "தம்பியப் பயமுறுத்திப் பொய் பேச வெச்சுட்டேன். கூப்பிட்டபோது எந்திரிச்சுப் போகலை," என்றேன். பூசாரி கயிற்றை அறுத்து வேலின் அடியில் போட்டார்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "ஒரு சாமி முன்னால நீங்க பாடாம நின்னத இன்னைக்குத்தாங்க பாக்கறேன்."

நாலு சனிக்கிழமை அவன் எங்கும் போகவில்லை. விட்டுவிட்டான் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எண்ணிக்கொண்டேன். ஐந்தாம் சனிக்கிழமை, சென்ற வாரம், மதியம் சட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"தோப்புக்குப் போறேனுங்கண்ணா. குடிக்கத்தான் போறேன்."

"சரி," என்றேன். மெஷினை அவன் பையில் வைத்தேனா என்று இருமுறை திறந்து பார்த்தேன்.

அவன் போனபின் வீட்டில் இருக்க முடியவில்லை. கதவுக்கும் கேட்டுக்கும் நடந்தேன். புத்தகத்தை எடுத்தேன்; வைத்தேன். வெயிலில் நிற்காதீர்கள் என்று மனைவி இருமுறை சொன்னாள். மூன்றரை மணிக்கு ரிக் நண்பருக்குப் போன் செய்தேன்.

"தின்னுட்டுத்தாங்க இருக்கறான் சாமி. நம்பிக்கையில்லீன்னா போட்டோ அனுப்பட்டுங்களா?"

"அனுப்புங்க."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. போட்டோ வந்தது. வாழையிலையில் சோறும் ஆட்டுக்கறியும். பிறந்ததிலிருந்து கறி இருக்கும் இலையைக் கண்கொண்டு பார்க்காத நான், திரையை இரண்டு விரலால் விரித்து விரித்து, எவ்வளவு சோறு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன்.

ஆறு மணிக்கு வந்தான். ஏலக்காய் மெல்லவில்லை. வாடையோடு கூடத்துக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"எத்தனை?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்லப்போகிறான் என்றால் அவன் காலண்டரைத் தேடுவான் என்று எனக்குத் தெரியும்.

"மூணுங்கண்ணா."

மருத்துவர் சொன்னது இரண்டு. சொல்லவேண்டியவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன: வயது, உடம்பு, அந்த ஞாயிறு, எறும்பு மொய்த்த தட்டு. அவற்றில் ஒன்றைச் சொன்னாலும் அடுத்த வாரம் அவன் வாயில் இரண்டும் வயிற்றில் மூன்றுமாக வந்து நிற்பான். மூன்று என்ற எண் எனக்குப் பொறுக்கவில்லை. அதை விழுங்கவும் தெரியவில்லை.

"சோதிச்சியா?" என்றேன்.

விரலைக் குத்தினான். எண் வந்தது, கொஞ்சம் குறைவு, ஆபத்தில்லை. அம்மருத்துவர் குடித்த நாளுக்கென்று புதிதாக எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, ஊசியைக் குறைத்துப் போட்டுக்கொண்டான். என் மனைவி ஒன்றும் கேட்காமல் அரிசியும்பருப்புச் சாதத்தைத் தட்டு நிறையக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"மத்தியானமே கறிச்சோறு தின்னேனுங்க நங்கை."

"அது மத்தியானம், தம்பி. இது இப்ப."

அவன் உண்ணத் தொடங்கினான். வாடை கூடமெங்கும் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. ஒவ்வொரு கவளமும் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து வாய்க்குப் பிறகு அவன் நிமிர்ந்தான்.

"ஏனுங்கண்ணா, வாயையே பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க? கண்ணு பட்டுருமுங்க."

"பட்டாப் படட்டும். தின்னு," என்றேன்.